பேய்க்குப் பக்கத்து சீட்

சென்னையில் பேய்க் கதைகள் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ் ஒன்று ஓடியது. அதில் வழிகாட்டி அமலோற்பவம். வேலைக்குச் சேர்ந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது.

அன்று இன்னொரு பஸ் பழுதாகி, அதன் பயணிகளும் இதிலேயே ஏறியதால் நல்ல நெரிசல். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி வைகுந்தநாதன் மட்டும் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டு, எடுக்கவே மாட்டேன் என்றார். கைக்குழந்தையோடு ஜமீலா நின்றுகொண்டே வந்தாள்.

பழைய தூக்குமேடை இருந்த இடத்தை அமலோற்பவம் காட்டியதும் வைகுந்தநாதன் அதட்டினார்.

"எல்லாம் புளுகு! பஸ் திரும்புறதுக்குள்ள எனக்கு ஒரு பேயைக் காட்டு. இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அமலோற்பவம் பணிவாகவே பேசினாள்.

"சார், இங்கே தூக்குல போட்ட வெள்ளைக்கார சிப்பாய் ஒருத்தர் தினமும் நம்ம பஸ்ஸுல ஏறுவார். இப்போ உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். உங்க பை அவர் மடியில இருக்கு. அதான் உங்களையே முறைக்கிறார்."

வைகுந்தநாதன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் டிரைவரிடம் போய் நின்றார். பஸ்ஸே சிரித்தது. ஜமீலா நிதானமாகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள்.

"ஐயோ, அங்கே உட்காராதேம்மா! அந்த ஆள் இருக்கான்!" என்று கத்தினார் வைகுந்தநாதன்.

"இல்லை சார்," என்றாள் அமலோற்பவம். "குழந்தையைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்துட்டார். இப்போ உங்க பக்கத்துலதான் நின்னுக்கிட்டு வர்றார்."

அடுத்த சிக்னலில் பஸ் முழுதாக நிற்பதற்குள் வைகுந்தநாதன் இறங்கிவிட்டார்.