நாச்சாயி வளர்த்த குளவி

ஒரு ஊர்ல ஒரு கிளுவை வேலி இருந்துச்சாம். வேலிக்கு இந்தப் பக்கம் அக்கா தோட்டம், அந்தப் பக்கம் தங்கச்சி தோட்டம். என்னடி துளசி முறைக்கிற? நான் ஒண்ணும் உன்னையும் சுடரையும் சொல்லல. ஒரு கலர் பென்சிலுக்காகக் காய் விட்டுட்டு அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா அத்தைக்கு என்ன வந்துச்சு? நடுவுல எனக்குத்தான் இடம் தாராளம். நீ "ம்" மட்டும் ஒழுங்கா கொட்டு. கொட்டலேன்னா கதை நின்னுடும்.

"ம்."

ஆங். அக்கா பேரு நாச்சாயி, தங்கச்சி பேரு பாவாயி. அவங்கம்மா இருக்கறப்போ அது ஒரே தோட்டம், வேலியெல்லாம் கெடையாது. அப்புறம் அம்மா படுத்த படுக்கையா ஆயிட்டா, நாச்சாயி வீட்டுல. ஒரு நாள் பொழுதோட மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது, கொர்ர்... கொர்ர்... பாவாயிக்குச் சொல்லி அனுப்பணும்ல? நாச்சாயி என்ன நெனச்சா, "மாசமா இருக்கறவ, இருட்டுல விழுந்தடிச்சு ஓடி வருவா, காலைல சொல்லிக்கலாம்"னு நெனச்சா. நல்லதுக்குத்தான் நெனச்சா. ஆனா காலைல பாவாயி வந்தப்போ அம்மாவுக்குக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டியாச்சு.

பாவாயி ஒரு சொட்டு அழல. அக்காளைப் பார்த்து, "உன்கூட காய்"னு மட்டும் சொன்னா. சின்னதுல சொல்ற மாதிரியே சொன்னா. சின்னதுல விட்ட காயெல்லாம் வெளக்கு வெக்கறதுக்குள்ள பழம் ஆயிடும். இது ஆகல. கருமாதி முடிஞ்ச கையோட தோட்டத்தைப் பாதியா பிரிச்சு நடுவுல கிளுவை நட்டாங்க. கிளுவைக்கு முள்ளு உண்டு, தெரியும்ல?

"ம்."

ரெண்டு பக்கமும் பப்பாளி. ரெண்டு பேருக்கும் அதுதான் சோறு. நாச்சாயிக்குப் புருசன் இல்ல, புள்ளையும் இல்ல. பாவாயிக்குப் புருசன் இருந்தான், இருந்து என்ன பிரயோசனம், அவன் பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருந்தான். பப்பாளி கைவிட்டுச்சுன்னா சாளை வீட்டைப் பூட்டிக்கிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

அப்போ ஒரு வெயில் காலத்துல மாவுப்பூச்சி வந்துச்சு. இலைக்கு அடியில யாரோ அரிசி மாவைத் தூவி விட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா, பிசுபிசுன்னு. இலையெல்லாம் சுருண்டுச்சு. பிஞ்சு பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. எறும்பு ஒரு பக்கம் கூட்டம் கூட்டமா ஏறுது. நாச்சாயி குழாய்ல தண்ணி பீச்சி அடிச்சுப் பார்த்தா, சர்ர்ர்னு. போகல. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணில கலக்கி அடிச்சா. கொஞ்சம் போச்சு, மறுபடி வந்துச்சு. மரத்தடியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தப்போ, வேளாண்மை ஆபீசர் அம்மா ஒருத்தி வந்து ஒரு கண்ணாடிக் குப்பியை அவ கையில கொடுத்தா. குப்பி வாயில வெள்ளைத் துணி கட்டியிருக்கு. உள்ள என்னன்னு பார்த்தா, குளவி!

"கொட்டுமா அத்தை?"

நம்மளைக் கொட்டாது. எள்ளை நாலா பிட்டா ஒரு பிட்டு, அவ்வளவுதான் அது. ஆனா மாவுப்பூச்சிக்கு எமன். முதுகுல ஏறி நறுக்குன்னு ஒரு குத்து, உள்ள ஒரு முட்டை. மாவுப்பூச்சி உப்பி, காஞ்சு, வெறும் கூடாயிடும். அந்தக் கூட்டுல ஓட்டை போட்டுக்கிட்டு டுப்புன்னு ஒரு புதுக் குளவி வெளிய வரும். அது போயி இன்னொண்ணைக் குத்தும். ஆபீசர் அம்மா சொன்னா, "இதை வீட்டுலயே பெருக்கி, தோட்டத்துல விடுங்க. ரெண்டே விஷயம். குப்பிகிட்ட எறும்பு வரக் கூடாது. விட்டதுக்கு அப்புறம் நீங்களும் மருந்து அடிக்கக் கூடாது, பக்கத்துத் தோட்டத்துலயும் அடிக்கக் கூடாது. மாவுப்பூச்சி மேல மெழுகு இருக்கு, மருந்து அதுக்குள்ள எறங்காது. சாகறது உங்க குளவிதான். அந்தத் தோட்டத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க." நாச்சாயி தலையை ஆட்டினா. தலையை ஆட்டறதுக்கு என்ன, யாரு வேணா ஆட்டலாம்.

அப்புறம் நாச்சாயி அந்தக் குளவியை எப்படி வளர்த்தாங்கற? முளை விட்ட உருளைக்கிழங்குல மாவுப்பூச்சியை ஏத்தி விட்டு, அதுல குளவியை விட்டா. தண்ணிப் பானை இருக்கற மூலையில ஈர மணலைக் கொட்டி, குப்பிகளை அதுமேல வரிசையா வெச்சா. அந்த எடம் சில்லுன்னு இருக்கும். முறுக்குத் தூக்குக்கு எறும்பு வராம தட்டுல தண்ணி வெப்போம்ல, அதே மாதிரி சுத்தியும் தண்ணி. துணி மேல தேனைத் தொட்டு வெப்பா. ஒரு குப்பி பல குப்பி ஆச்சு. காதை வெச்சுக் கேட்டா ஒண்ணும் கேக்காது, ஆனா அவளுக்குக் கேட்டுச்சாம், ங்ஙீ... ங்ஙீன்னு. "எம்புள்ளைகளா, போதும்டா, நாளன்னைக்கு விட்டுடறேன்"னு பேசுவா. பேசறதுக்கு அவளுக்கு வேற ஆளு ஏது? பாவம்.

"ம்."

இப்போ பாவாயிகிட்ட சொல்லணும். மொதத் தடவை வேலிகிட்ட போனா. பாவாயி அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தா, சரக் சரக்னு. நாச்சாயி, "க்கும்"னு தொண்டையைக் கனைச்சா. பாவாயி திரும்பிப் பார்த்துட்டு, பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டா. நாச்சாயிக்கு முகம் சுண்டிப் போச்சு. திரும்பி வந்துட்டா.

ரெண்டாந் தடவை போனா. பேச்சு வார்த்தை இல்லாதவங்க எப்படிப் பேசுவாங்க? ஜாடையா பேசுவாங்க. பக்கத்து வீட்டம்மாவும் எதிர் வீட்டம்மாவும் பூனையைத் திட்டற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்குவாங்கல்ல? அந்த மாதிரி நாச்சாயி அவ ஆட்டைக் கூட்டிக்கிட்டுப் போயி, வேலியோரமா நிறுத்தி, பாவாயி காதுல விழற மாதிரி சொன்னா, "ஏ ஆடே, என் புள்ளைகளை வெளிய விடப் போறேன், யாரும் வெஷம் கிஷம் வெச்சுடாதீங்க!"

சொல்ல வந்தது மருந்து அடிக்காதேன்னு. நேரா சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். ஜாடையில சொன்னா எல்லாம் குத்தலாத்தான் கேக்கும். பாவாயிக்குச் சுருக்குன்னுச்சு. அவ தன் மாட்டுகிட்ட சொன்னா, "கேட்டியா மாடே, நான் வெஷம் வெக்கறவளாம்! பெத்தவ உசுரு போறதைச் சொல்லாதவ சொல்றா!" ஆடு மேஏஏன்னுச்சு. மாடு ம்மாஆன்னுச்சு. அதுங்க ரெண்டும் பேசிக்கிச்சு. அக்காளும் தங்கச்சியும் பேசல.

நாச்சாயி கண்ணைத் தொடச்சுக்கிட்டே வந்துட்டா. ஆனா குளவி காத்திருக்குமா? குப்பிக்குள்ள இருந்த மாவுப்பூச்சி எல்லாம் தீர்ந்து வெறும் கூடாயிடுச்சு. இனிமேலும் அடைச்சு வெச்சா உள்ளயே செத்துடும். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் குப்பியெல்லாம் கூடையில எடுத்துக்கிட்டுப் போயி, மரம் மரமா துணியை அவுத்தா. பொசுக்... பொசுக்... பொசுக்... புகை மாதிரி எழும்பிப் போச்சு. இந்தப் பக்கம் பாதி, வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் பாதி. அதுங்களுக்கு முள்ளு ஏது, காய் ஏது?

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாந் தடவையா நாச்சாயி வேலிகிட்ட போனா. இந்தத் தடவை நேரா பேர் சொல்லிக் கூப்பிடறதுன்னு முடிவே பண்ணிக்கிட்டுப் போனா. பாவாயி சாளையில வெளக்கு எரியுது. தாளிக்கற வாசனை வருது. உள்ள கொழந்தை சிரிக்குது, கெக்கெக்கேன்னு. அந்தக் கொழந்தை மொகத்தை அவ இன்னும் கிட்டத்துல பார்த்ததே இல்ல. கூப்பிட வாயைத் தொறந்தா. அப்படியே மூடிக்கிட்டா துளசி. "சோறு திங்கற நேரத்துல எதுக்கு, காலைல சொல்லிக்கலாம்"னு திரும்பிட்டா.

என்ன, "ம்" காணோம்?

"காலைலயா சொன்னா?"

காலைல டர்ர்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். நாச்சாயி எழுந்து ஓடி வந்தா. அந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஸ்பிரேயரை முதுகுல மாட்டிக்கிட்டு பாவாயி மருந்து அடிச்சுக்கிட்டு இருக்கா. அவ மரமும் செத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு, அவ என்ன பண்ணுவா? காத்து வேற இந்தப் பக்கமா அடிக்குது. நாச்சாயி வேலியில விழுந்து ஏறினா, முள்ளு கை காலெல்லாம் கிழிச்சுது, "பாவாயி! பாவாயி! அடிக்காதடீ!" காய் விட்டதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் பேர் சொன்னா. மோட்டார் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? கிட்டப் போயி கையைப் புடிச்சு நிறுத்தறதுக்குள்ள மருந்து காலி.

இலைக்கு அடியில பார்த்தாங்க. மாவுப்பூச்சி மெழுகைப் போத்திக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கு. இலை மேலயும் தரையிலயும் கறுப்பா, தூசி மாதிரி, குளவி. நாச்சாயி ஒரு விரலால தொட்டு எடுத்தா. "நம்ம ரெண்டு பேருக்கும்தான்டி வளர்த்தேன்"னா. பாவாயி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா... அன்னிக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா..."ன்னு அழுதா. அம்மாவுக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதா.

"ஒண்ணுகூட மிஞ்சலையா அத்தை?"

ஒண்ணுகூட இல்ல கண்ணு. குப்பியை எல்லாம் கவுத்துத் தேடினாங்க. அப்புறம் ஆபீசர் அம்மாகிட்ட ஓடினாங்க. இனி புதுக் குளவி வர்றதுக்கு நாளாகும்னா. மரம் அதுவரைக்கும் தாங்கல. பொத்து பொத்துன்னு எல்லாம் காயாவே உதுந்துடுச்சு. நாச்சாயி திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனா. பாவாயி கொழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்கு வேற பஸ்ல போனா. இப்போ அந்த வேலிக்கு இந்தப் பக்கமும் ஆளில்ல, அந்தப் பக்கமும் ஆளில்ல. கிளுவை மட்டும் நல்லா தழைஞ்சு நிக்குது.

"அவங்க பழம் விட்டாங்களா?"

விட்டாங்க. அன்னிக்கே, அந்த மரத்தடியிலயே விட்டாங்க. தோட்டத்துலதான் ஒரு பழமும் இல்ல. அவ்வளவுதான்டி, கதையும் காயாவே உதுந்துடுச்சு. கண்ணை மூடு.

"அத்தை... சுடர்கிட்ட நானும் பழம் விட்டுடறேன். அவ தூங்கறா. காலைல சொல்றேன்."

வேண்டாம் துளசி. காலைல வேண்டாம். இரு, நான் தள்ளிப் படுத்துக்கறேன். திட்டினா திட்டிட்டுப் போறா. எழுப்புடி அவளை.