ஞாயிற்றுக்கிழமை ஊழியம்

சபை மூப்பர் குருபாதம் ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டை ஏரில் பூட்டமாட்டார். "ஓய்வுநாளில் என் தொழுவத்து மாடுகூட வேலை செய்யாது" என்று வாரம் தவறாமல் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்லுவார். அந்த நேரத்தில் அவர் வீட்டுச் சமையற்காரி ஞானப்பூ பதினைந்து பேருக்குக் கறிக்குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருப்பாள். அம்மிச் சத்தத்தில் அவளுக்குக் கோயில் மணியே சரியாகக் கேட்காது.

ஒரு சனிக்கிழமை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "ஐயா, நாளைக்கு ஒரு நாள் நானும் ஓய்ஞ்சு இருக்கட்டுமா? உடம்பு முடியல."

"கோயில் விட்டு வர்றவங்களுக்குச் சோறு போடுறது வேலையா? அது ஆண்டவருக்குச் செய்யுற ஊழியம்! ஊழியத்துக்கு ஏது ஓய்வு?"

"சரிங்கய்யா."

மறுநாள் மூப்பர் போதகரையும் விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு பசியோடு வந்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. தேடிப்போனால், தொழுவத்தில் மாடுகளுக்கு நடுவே வைக்கோலில் ஞானப்பூ படுத்திருந்தாள்.

"சோறு எங்கே?" என்று கத்தினார் மூப்பர்.

அவள் எழுந்திருக்கவில்லை. "வேலைன்னா இன்னைக்குச் செய்யக்கூடாது. ஊழியம்னா, மூப்பர் நீங்க இருக்கும்போது நான் முந்தலாமா? அரிசி பானையில இருக்கு. ஆரம்பிங்கய்யா."

போதகர் சிரித்துக்கொண்டே அங்கியின் கையை மடித்துவிட்டார். "வாங்க மூப்பரே, நான் வெங்காயம் உரிக்கிறேன்."

மூப்பர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"மெதுவாப் பேசுங்கய்யா," என்றாள் ஞானப்பூ, கண்ணை மூடியபடியே. "மாடுங்க ஓய்வுல இருக்கு."