இன்னாசியின் தொட்டி ஊமையான காலை

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னாசி குடும்பத்தாரின் ஒயின் தோட்டம் எங்கே என்று கேட்டால், இன்று எந்த பஸ் கண்டக்டரும் வழி சொல்வார். ஆனால் அந்தத் தோட்டத்தின் முதல் தொட்டியையே கெடுக்கப் பார்த்த ஆள் ஒருவர் உண்டு. வேறு யாருமில்லை, இன்னாசியேதான்.

அவர் அப்போது பம்புசெட் மெக்கானிக். மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பதே அபூர்வம். காதைக் கொடுப்பார், கோளாறைச் சொல்வார். அந்தக் காதின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருமுறை கன்னியர் மடத்து மோட்டாரைப் பார்க்கப் போனார். பூசைக்காக அங்கே தயாராகும் திராட்சை ரசத்தில் ஒரு வாய் கொடுத்தார்கள். மனிதர் கிறங்கிப்போனார். நம் வீட்டுப் பன்னீர் திராட்சை இப்படியும் ஆகுமா! ரசம் தயாரிப்பவர் சிஸ்டர் ஜெசிந்தா. இன்னாசியைவிட ரொம்பவே இளையவர். வயதையெல்லாம் பார்க்காமல், "எனக்கும் கத்துக்குடுங்க, சிஸ்டர்" என்று நின்றார் இன்னாசி.

ஒயின் தயாரிக்க லைசென்ஸ் கிடைத்த வருஷம், மனைவி அமலோற்பவத்துக்குச் சீதனமாக வந்த தோட்டத்து விளைச்சல் முழுவதையும் ஒரே எவர்சில்வர் தொட்டியில் போட்டார். மூடியிலிருந்து ஒரு குழாய், பக்கத்துத் தண்ணீர்ப் பானைக்குள் போனது. ஈஸ்ட் சாற்றின் இனிப்பைத் தின்னத் தின்ன, பானையில் களக் களக்கென்று குமிழி வந்தது. இன்னாசிக்கு அது சங்கீதம். பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார்.

"இது பாழாப்போச்சுன்னா, கொடியைப் பிடுங்கிட்டு வாழை வச்சிருவேன்" என்று அமலோற்பவம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஒருநாள் காலையில் பானை ஊமையாகிவிட்டது.

இன்னாசி தொட்டியில் காதை வைத்தார். தட்டினார். பானைத் தண்ணீரை மாற்றினார். சத்தமே இல்லை. தீனி போட்டால் மறுபடி கிளம்பும் என்று ஒரு மூட்டை சர்க்கரையைக் கொண்டுவந்து வாயை அவிழ்த்தார். கொட்டவும் பயம். சிஸ்டருக்குப் போன் அடித்தார்.

சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"செத்துப்போச்சு, சிஸ்டர். எப்படியாவது கெளப்பி விட்ருங்க."

"பாப்போம்ணே. பதறாதீங்க."

இருவரும் கொடிப் பந்தலுக்குக் கீழே நடந்தார்கள். கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று நின்றது. சிஸ்டரும் நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, மோட்டாரு நின்னுபோச்சேண்ணே! ஓடிப்போய் என்னன்னு பாருங்க."

அந்தக் கவலையிலும் இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது.

"ரிப்பேரு இல்ல, சிஸ்டர். கடைசிப் பாத்தியும் பாஞ்சிருச்சு. அதான் அமலு நிறுத்திட்டா."

"நல்லாத் தெரியுமா?"

"இதுல தெரிய என்ன இருக்கு? அந்தா, தண்ணி ரொம்பி நிக்கிது பாருங்க."

"சரிதான்" என்று மேலே நடந்தார் சிஸ்டர்.

தொட்டி இருந்த கொட்டகைக்குள் நுழைந்ததும் மூட்டை கண்ணில் பட்டது.

"இதக் கொட்டிட்டீங்களாண்ணே?"

"இன்னும் இல்ல."

"மாதா காப்பாத்துனா."

சிஸ்டர் தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திறந்து டம்ளரில் கொஞ்சம் பிடித்தார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னாசிக்கு உயிரே இல்லை. டம்ளர் அவர் கைக்கு வந்தது.

"இனிப்பே இல்லையே, சிஸ்டர்!" என்று அலறினார். அலறி முடிப்பதற்குள் தொண்டையில் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. மூக்கில் பன்னீர் வாசம் ஏறியது. மடத்தில் குடித்த அதே ருசிதான், கொஞ்சம் முரட்டுத்தனம் கூடுதல்.

"இது... ஒயினு."

"ஆமாண்ணே."

இன்னாசி பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. கொடிகள் பிழைத்துக்கொண்டன. இனி அமலுவின் முகத்தைப் பார்த்துக் காப்பி கேட்கலாம். ஆனாலும் மெக்கானிக் புத்தி விடவில்லை.

"அப்பறம் ஏன் சிஸ்டர் சத்தம் நின்னுச்சு?"

சிஸ்டர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"கடைசிப் பாத்தியும் பாஞ்ச பெறகு மோட்டாரு எதுக்குண்ணே ஓடணும்?"

இன்னாசி எழுந்துபோய்ச் சர்க்கரை மூட்டையின் வாயைக் கட்டினார்.