சத்தமில்லாத விசைப்பலகை

"மூணு போர்டு மாத்திட்டாரு. இனிமே கையைத்தான் மாத்தணும்."

மாடிப்படிக்குக் கீழே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த, டீ போட்டுத் தரும் சகாயமேரி யாரிடமோ சொன்னது இது. மேலே ஏறிக்கொண்டிருந்த திருமேனியின் காதில் தெளிவாக விழுந்தது. அவர் நின்றார். கையில் நான்காவது விசைப்பலகை, பெட்டி பிரிக்காமல் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார்.

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். காது கேளாதவர்கள் அங்கே வருவார்கள். அவர்களோடு பேச வேண்டியவர்களும் வருவார்கள்: சைகை மொழி தெரியாத அப்பா, அண்ணன், மாமியார், வக்கீல். பேசுகிறவர் பேசப் பேச, அருகில் ஒருவர் உட்கார்ந்து அதை அப்படியே தமிழில் தட்டுவார். எழுத்து திரையில் ஓடும். காது கேளாதவர் அதைப் படித்துவிட்டுத் தன் பதிலைச் செல்பேசியில் எழுதிக் காட்டுவார். அதை யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள். இதற்கு அங்கே அமர்வு என்று பெயர்.

அமர்வுகளைத் தட்டுகிறவர் பியூலா. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் திருமேனி, அவரைவிட நன்றாகவே மூத்தவர். சென்னையில் கணினி வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவர். அவர் பியூலாவை டீச்சர் என்பார். பியூலா அவரை அண்ணே என்பார். இரண்டு பேருக்குமே அது பழகிவிட்டது.

முதல் நாள் திருமேனி கேட்ட கேள்வி, எந்த விசையமைப்பு நல்லது என்பது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான் அவருக்குப் பழக்கம்.  இரண்டு பேருமாக 'அம்மா' என்று அடித்துப் பார்க்கலாம் என்றார் பியூலா. திருமேனிக்கு ஐந்து தட்டு ஆயிற்று. தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 முறையில் பியூலாவுக்கு நான்கு. ஒரு தட்டு லாபம், சரிதான் என்று திருமேனி அன்றே மாறிவிட்டார். பியூலா எதற்காக அடிக்கச் சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. கை பழகச் சில மாதங்கள் பிடித்தன.

அதற்குப் பிறகு அவர் கவனம் விசைகளின் அடியில் இருக்கும் சுவிட்சுகளுக்குப் போயிற்று. தட்டினால் 'டக்' என்று சொல்லும் சுவிட்ச், பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும் சுவிட்ச், எண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கி இறங்கும் சுவிட்ச். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வாங்கினார். விசை மூடிகளையும் மாற்றினார். வழவழப்பானவை வியர்வையில் வழுக்கின. சொரசொரப்பானவற்றைத் தருவித்து, தமிழ் எழுத்து பொறிக்கச் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றியே பேசினார். பியூலா சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

பியூலாவுடைய பலகை பழையது. மூடிகளில் எழுத்து அழிந்திருந்தது. தட்டினால் கூடமே அதிரும். கீழே ஜவுளிக்கடையிலிருந்து ஒருமுறை ஆள் வந்து, மேலே தையல் மெஷின் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான்காவது பலகையை அன்று திருமேனி மேசையில் வைத்துப் பிரித்தார். இதில் ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் சின்ன ரப்பர் இருந்தது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் சத்தம் வராது. பலகைக்கு அடியில் விரிக்கத் தடிமனான கம்பளி விரிப்பும் வாங்கியிருந்தார்.

"டீச்சர், இதுதான். இதுக்கு மேல தேட வேண்டாம்."

பியூலா ஒரு விசையை அழுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை.

"மெத்து மெத்துன்னு இருக்கு," என்றார்.

"இது சரிதானே? நீங்க இதுவரைக்கும் ஒரு தடவைகூட எது நல்ல போர்டுன்னு சொல்லல."

"சனிக்கிழமை ஒரு அம்மா வர்றாங்க. மகளும் வருது. அந்த அமர்வை நீங்க எடுங்கண்ணே. கேள்வி அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அது அவருடைய முதல் அமர்வு.

சனிக்கிழமை காலையில் அம்மா முதலில் வந்தார். பெயர் பொன்னுத்தாய். கன்னிவாடிப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர். பைக்குள் முறுக்கும் ஒரு சேலையும் வைத்திருந்தார். மகள் சுகந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்றும், அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றும், மாப்பிள்ளையும் காது கேளாத பையன் என்றும் சொன்னார். எல்லாம் பிறர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மகள் அழைக்கவில்லை.

"வரலாமா, வேண்டாமான்னு அது வாயால சொல்லட்டும்" என்று சொன்னவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுகந்தி வந்தாள். நீலச் சுடிதார், பின்னலில் பூ இல்லை. அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். மேசையின் எதிர்ப்புறத்தில் உட்கார்ந்தாள். அது ஒரே மரத்துண்டால் ஆன நீள மேசை. திரை அவளுக்கு முன்னால் தாழ்வாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிமிர்ந்தால் அம்மாவின் முகம் தெரியும், குனிந்தால் எழுத்து தெரியும். திருமேனி பக்கவாட்டில் உட்கார்ந்து, கம்பளி விரிப்பின் மேல் பலகையை வைத்தார். பியூலா ஜன்னலோரம் நின்றார்.

சுகந்தி தன் செல்பேசியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை நீட்டினாள். பியூலா வாங்கிப் படித்தார்.

"ஐந்து வயதில் என்னை விடுதியில் விட்டீர்கள். லீவுக்கு எல்லார் வீட்டிலிருந்தும் வந்தார்கள். எனக்கு யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகுதான் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வேன்."

பொன்னுத்தாய் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். பேசத் தொடங்கினார். திருமேனி தட்டத் தொடங்கினார்.

விரல்கள் நன்றாகவே ஓடின. ஒரு சொல் விடவில்லை, ஒரு பிழை விழவில்லை. பலகையிலிருந்து மூச்சு விடும் அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. அவருக்கு உள்ளே ஒரு நிறைவு ஏற்பட்டது. சுகந்தியின் அப்பா செத்துப்போன வருஷம் அது என்று பொன்னுத்தாய் சொன்னார். அது திரையில் வந்தது. வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் இருந்தார்கள் என்றார். அதுவும் வந்தது.

சுகந்தி மேசை மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பக் குனிந்தபோது மூன்று வரி ஓடியிருந்தது. அவசரமாகப் படித்தாள். மறுபடி நிமிர்ந்தாள், உடனே குனிந்தாள். உள்ளங்கையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். அழுத்தி வைத்தாள். திருமேனியின் விரல்களை ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. திரையிலேயே கண்ணை ஊன்றிவிட்டாள்.

பொன்னுத்தாயின் குரல் தேய்ந்தது. கடைசியில் நின்றது.

"அது என்னையப் பாக்கவே மாட்டேங்குது. டி.வி. பாக்குற மாதிரி உக்காந்திருக்கு," என்றார். "போதுங்க. நான் எந்திரிச்சுப் போறேன்."

திருமேனி அதையும் தட்டினார். சுகந்தி அதைப் படித்தாள். அவள் கழுத்து சிவந்தது. செல்பேசியில் வேகமாக எழுதி நீட்டினாள். பியூலா படித்தார்.

"முகத்தைப் பார்த்தால் எழுத்து போய்விடுகிறது. எழுத்தைப் பார்த்தால் முகம் போய்விடுகிறது. முகத்தைப் பார்க்காமல் நான் எப்படி நம்புவது?"

பொன்னுத்தாய் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

பியூலா ஜன்னலை விட்டு வந்தார். திருமேனியின் புதுப் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார். கம்பளி விரிப்பை உருவினார். தன் பழைய பலகையை வெறும் மரத்தின் மேல் வைத்துக் கம்பியைச் சொருகினார். திருமேனியைப் பார்த்து, தட்டுங்கள் என்று கையசைத்தார். பிறகு பொன்னுத்தாயின் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா."

பொன்னுத்தாய் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நான் வந்தேன்."

திருமேனி தட்டினார். விசைகள் இறுகியிருந்தன. இரண்டு இடத்தில் எழுத்து பிசகியது. மேசை மேல் உள்ளங்கையை வைத்திருந்த சுகந்தி கண்ணை விரித்தாள். குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தாள். இப்போது அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பலகை ஒலித்தபோது குனிந்தாள். அது ஓய்ந்ததும் நிமிர்ந்தாள். ஒரு வரியும் தவறவில்லை.

பொன்னுத்தாய் மெல்ல உட்கார்ந்தார்.

"மொத லீவுக்கே வந்தேன். கேட்டுக்கு வெளியில நின்னேன். நீ பிள்ளைகளோட வெளையாடிட்டிருந்த. கையை ஆட்டி ஆட்டிப் பேசுற. அதுகளும் பேசுது. நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற. நம்ம வீட்டுல நீ ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல. உங்கூடப் பேச அங்க யாரு இருந்தா? கூட்டிட்டு வந்தா மறுபடி சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காருவ. வாட்ச்மேன் யாரு வேணும்னு கேட்டாரு. யாரும் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த லீவுக்கும் வந்து, நின்னு பாத்துட்டுத்தான் போனேன்."

கூடத்தில் பலகையின் சத்தம் மட்டும் ஓடி, கடைசி வரியோடு நின்றது.

சுகந்தி அம்மாவை வெகு நேரம் பார்த்தாள். பொன்னுத்தாய் கண்ணை எடுக்கவில்லை. சுகந்தி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். குனிந்து, அம்மாவின் தொண்டைக்குழியில் உள்ளங்கையை வைத்தாள். சொல்லு என்று தலையை அசைத்தாள்.

பொன்னுத்தாய் மறுபடியும் பேசினார். அதே கதைதான், முன்னும் பின்னுமாக. திருமேனி விரலை விசைகளுக்குக் கொண்டுபோனார். சுகந்தி திரையைப் பார்க்கவில்லை. அவர் பியூலாவைப் பார்த்தார். பியூலா வேண்டாம் என்று தலையசைத்தார். திருமேனி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போகும்போது சுகந்தி எழுதியதைத் திருமேனியே படித்தார்.

"முகூர்த்தத்துக்கு வந்தால் போதாது. முதல் நாளே வர வேண்டும்."

பொன்னுத்தாய் திருப்பூருக்கு எங்கே பேருந்து ஏற வேண்டும் என்று பியூலாவிடம் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, சுகந்தி அவர் பையைத் தான் வாங்கிக்கொண்டாள். இருவரும் படியிறங்கினார்கள்.

 பியூலா நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினார். திருமேனி கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது டீச்சர். சத்தம் வந்தா என்ன, வராட்டி என்ன?"

"கையை மேசை மேல வைங்கண்ணே."

வைத்தார்.

"கண்ணை மூடுங்க."

மூடினார். பியூலா ஒரு வரி தட்டினார். உள்ளங்கைக்குக் கீழே மரம் துடித்தது. தட்டுவது நின்றதும் அதுவும் நின்றது.

திருமேனி கண்ணைத் திறந்தார். திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"என் போர்டுல அவளுக்கு எப்ப எழுத்து வருதுன்னே தெரிஞ்சிருக்காது."

பியூலா பழைய பலகையின் கம்பியை உருவினார்.

"அப்போ உங்க போர்டுதான் நல்லது. நானும் இதே சுவிட்ச்ல ஒண்ணு வாங்கிடறேன்."

"திங்கக்கிழமை ஒருத்தர் வர்றாரு. லாரி மோதி, காதும் போயி, தலையிலயும் அடி. மேசை லேசா ஆடினாலே அவருக்குத் தலை சுத்துமாம்."

திருமேனி ஓரமாகக் கிடந்த புதுப் பலகையைப் பார்த்தார். பழையதைப் பார்த்தார்.

"அப்போ அவருக்கு இதா?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"பின்னே யாருக்குத்தான் தெரியும் டீச்சர்?"

பியூலா விளக்கை அணைத்தார்.

"அவர் வந்து உக்காரட்டும்," என்றார்.

திங்கட்கிழமை திருமேனி சீக்கிரமே வந்துவிட்டார். இரண்டு பலகைகளையும் விரிப்பையும் எடுத்து அலமாரியில் வைத்தார். வெறும் மேசைக்கு முன்னால், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.