இரண்டாவது கோடு

“இனிமே நான் யாருக்கும் டெஸ்ட் பண்ண மாட்டேன்மா.”

நர்ஸ் தவமணி சொல்லிவிட்டுப் பையைத் தரையில் வைத்தாள்.

பரிபூரணி அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. தவமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் தவமணிக்கு அவர்தான் குரு.

தவமணி கொட்டித் தீர்த்தாள். மழையில் பாதை சரிந்து கிடக்கிறது. மாத்திரை வரவில்லை, எப்போது வரும் என்று சொல்லவும் ஆளில்லை. மலேரியா சோதனை அட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. மலிவான சாமான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், கால் மணி நேரத்தில் காட்டிவிடும்.

ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை. இரண்டு விழுந்தால், மருந்து வந்ததும் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அப்படி அவள் சொல்லிவிட்டு வந்த வீடுகளில் ஒன்றில், மாரக்காள் நேற்று செத்துப்போனாள்.

“தெரிஞ்சு என்ன பிரயோசனம்? வெறும் காய்ச்சல்னு நெனச்சாவது படுத்திருப்பா. நான் போய் சாவைச் சொல்லிட்டு வந்தேன்.”

அம்மாள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினார்.

தவமணி விரலைத் தொட்டாள். கொதித்தது.

வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

குத்தினாள். அட்டையில் ரத்தத்தை விட்டு, சோதனைத் திரவம் ஒரு துளியும் விட்டாள். வெளியே மழை விடாமல் பெய்தது.

முதல் கோடு வந்தது. அதோடு நிற்கட்டும் என்று தவமணி வேண்டிக்கொண்டாள்.

நிற்கவில்லை.

“சொல்லு” என்றார் அம்மாள்.

“ரெண்டு கோடும்மா.”

“மத்தவங்ககிட்ட சொல்றதை எனக்கும் சொல்லு.”

தவமணி அட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். “மருந்து வந்ததும் கொண்டு வரேன்.”

“சரி. அடுத்த வீட்டுக்குப் போ.”

தவமணி பையை எடுத்தாள். பையை மறுபடி கீழே வைத்துவிட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“போகலையா?”

“உங்களை இப்படி விட்டுட்டு எப்படிம்மா போவேன்?”

அம்மாளுக்குக் குளிர் நடுக்கம் தொடங்கிவிட்டது. பல் கிட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டார்.

“மாரக்காவை எப்படி விட்டுட்டுப் போன?”