பலாப்பழம் காட்டிய வழி

கொல்லிமலைப் பாதையின் பத்தாவது கொண்டை ஊசி வளைவில் பாவாயி பஞ்சர் கடை வைத்திருந்தாள். இடம் மில் முதலாளி செங்கோட்டுவேலுடையது. ஒரு நாள் அவரே ஆயிரம் சிசி பைக்கில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"வளைவுக்கு வளைவு பள்ளத்துப் பக்கமே இழுக்குது. ஒண்ணும் புரியல. விலை ஒசந்த வண்டி, ஒரு திருகாணியைக்கூடத் தொடாம சரி பண்ணு. இல்லேன்னா கடையைக் காலி பண்ணு!"

பாவாயி தன் மொபெட்டின் பின்னால் ஒரு பலாப்பழத்தைக் கட்டினாள்.

"உச்சி வரைக்கும் இந்தப் பழத்தையே பார்த்துக்கிட்டு பின்னாடி வாங்க."

பழத்துக்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம்? முதலாளி குழம்பிக்கொண்டே போனார். மிச்சமிருந்த அறுபது வளைவிலும் பைக் சொன்னபடி திரும்பியது.

உச்சியில் இறங்கிப் பழத்தைத் தட்டினார், முகர்ந்தார். "உள்ளே என்ன வெச்சிருக்கே?"

"சுளைதானுங்க. கனமான வண்டி கண்ணு போற பக்கந்தான் போகும். வேகமா வந்து பள்ளத்தையே பார்த்தீங்க, அங்கே போச்சு. மெதுவா பழத்தைப் பார்த்தீங்க, என் பின்னாடி வந்துச்சு."

"அப்போ கோளாறு எங்கே இருந்துச்சு?"

"வண்டி மேலதானுங்க உக்காந்திருந்துச்சு. இப்பத்தான் இறங்குச்சு."

முதலாளி குனிந்து சீட்டைத் தடவித் தடவித் தேடினார்.