சிலுவைராசன் பூசிய பத்தடி

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் சிலுவைராசன் கடற்கரைக்கு ஓடினார். கடலோரக் கல் சுவருக்கு நேர் பின்னால்தான் அவர் மகள் ஜெசிந்தாவின் வீடு. முகாமுக்குப் போகச் சொன்னால், "அப்பா கட்டுன சுவரு இருக்கும்போது எனக்கென்ன" என்கிறாள்.

முப்பது வருடம் வீடு கட்டிய கொத்தனார் அவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து தெரிந்தால் கை சும்மா இருக்காது. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான இன்ஜினியர் பெர்னதெத்திடம் அலைத்தடுப்பு வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சந்துகளை அடைக்கக் கூடாது என்று முதல் நாளே அவள் சொன்னாள். அவர் மனசு ஏற்கவில்லை. போன மாதம் அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மகள் வீட்டுக்கு எதிரே மட்டும் பத்தடிக்குக் கலவையைத் திணித்து வழவழவென்று பூசிவிட்டார். பெற்ற மனம், வேறென்ன!

இப்போது கடல் அந்தப் பத்தடியில்தான் ஆத்திரத்தைக் காட்டியது. மற்ற இடங்களில் கற்களுக்குள் புகுந்து அடங்கிய அலை, இங்கே ஆள் உயரத்துக்கு எழும்பி ஜெசிந்தாவின் முற்றத்தில் விழுந்தது. திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போனது. சுவரின் காலடியில் ஒரு பெருங்கல் ஆடியதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

பெர்னதெத் வந்தாள், பார்த்தாள், திட்டவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு மூட்டை சிமெண்டு போட்டு உசத்திரட்டா, இன்ஜினியரம்மா?"

அவள் ஒரு வாளிக் கடல்நீரை மொண்டு, பூசாத கற்கள்மேல் வீசினாள். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. இன்னொரு வாளியைப் பூச்சின் மேல் ஓங்கி வீசினாள். பக்கத்தில் நின்ற அவர் முகத்தில் வந்து அறைந்தது.

பிறகு கடப்பாரையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்குப் புயலு. இன்னைக்குப் போய் இடிக்கவா?" அவர் கடப்பாரையை வாங்கவில்லை. "அங்க எம் மவ இருக்கா!"

"தெரியும்ண்ணே."

"சந்து வழியா கடலு உள்ள வந்துருமே!"

"வரட்டும். எத்தனை தூரம் நடந்து வருது பாவம். இங்க உக்கார இடமில்லைன்னா, உங்க மவ வீட்டுக்குத்தான் போவும்."